பட்டறையில் பிறந்த காருக்கு ஜாதகம் உண்டா?

சென்னைக்கு மேற்கே பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி என்று போய், பூந்தமல்லி வழியாகத் திரும்பி வந்தால், மோட்டார்ப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அதைவிட நல்ல யாத்திரை வேறு இல்லை. கார் ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகளில் பெரும்பாலானவை இந்த வட்டாரத்திலேயே ஏதாவதொரு காலத்தில் உருவாகியிருக்கின்றன. டைனமோவும் ஸ்டார்ட்டரும் பாடி லூகாஸ் டி.வி.எஸ்.ஸில், பிரேக்குக்கு அதே பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வீல்ஸ் இந்தியா. இவை மூன்றும் 1960-களின் தொடக்கத்தில் இங்கே வேர் விட்டவை. அம்பத்தூரில் 1959 முதல் டன்லப் டயர் தொழிற்சாலை இருந்தது. அந்த ரப்பர் வாசனை இன்று இல்லை. அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சற்றுத் தள்ளி ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ஆம் ஆண்டின் கடைசியில் விஜயந்தா டாங்கி முதன்முதலாக வெளியே வந்தது அங்கிருந்துதான்.

டாங்கியே செய்த ஊரில் கார் செய்வது பெரிய காரியமா? லேத்துப் பட்டறைக்குத் தெருவுக்குத் தெரு பஞ்சமில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சந்தில் நுழைந்தால் கடைசல், அடுத்த சந்தில் வார்ப்பு, அதற்கடுத்ததில் முலாம். கையில் பழைய உறுப்பு ஒன்றை வைத்துக் காட்டினால், மாலைக்குள் அதன் இரட்டைப் பிள்ளையைச் செய்து கொடுக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆகவே, முப்பது வருஷம் ஆலையில் உழைத்து ஓய்வு பெற்ற ஃபோர்மன் ஒருவருக்கு வீட்டுக் கொல்லையில் கொட்டகை போட்டுத் தமக்கென ஒரு கார் கட்டிக்கொள்ள வேண்டுமென்று ஆசை பிறந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை.

ஆனால் கொட்டகையிலிருந்து தெருவுக்கு இருபதடி தூரம்தான். அந்த இருபதடியைக் கடக்க இஞ்சினும் சக்கரமும் போதா. ஆர்.சி. புத்தகம் என்ற ஜாதகம் வேண்டும்; இன்ஷ்யூரன்ஸ் என்ற ரட்சை வேண்டும். கைத்திறன் உள்ளவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

நாயுடு செய்த கார்

காகிதத்திடம் தோற்ற கார்களில் மிகப் பெயர் பெற்றது கோயம்புத்தூர்க் கார் ஒன்று. 1937-ல் நாட்டின் முதல் மின்சார மோட்டார் கோவையில் தயாரான முயற்சியில் பங்குகொண்ட ஜி. டி. நாயுடு, 1952-ல் இரண்டு பேர் உட்காரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கிக் காட்டினார். விலை இரண்டாயிரம் ரூபாய். இன்றல்ல, அன்றைக்கே அது மலிவுதான். சர்க்கார் லைசென்ஸ் கொடுக்க மறுத்துவிட்டது. உற்பத்தி அத்துடன் நின்றது. நாயுடுவுக்கு மூளைக்கும் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. குறைந்தது ஒரு கையெழுத்து.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னே, 1903-ல், சென்னை சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுதான் என்பார்கள். இன்றைக்கிருக்கும் சட்டம் அன்றைக்கு இல்லாததால் அவர் பிழைத்தார். சென்னையின் முதல் ரிஜிஸ்தர் நம்பரான எம்.சி. 1, துறைமுகத்தைச் சீரமைத்த ஸர் ஃபிரான்ஸிஸ் ஸ்பிரிங்கின் காருக்குப் போயிற்று. அந்த நம்பர் தொடங்கிய நாளிலிருந்தே கார் என்பது இரும்பு பாதி, ஏடு பாதி என்று ஆகிவிட்டது.

பயில்வானும் ஒல்லிக் குச்சியும்

வீட்டில் கார் கட்டும் பித்து அமெரிக்காவில்தான் முற்றியது. 1964-ல் பான்டியாக் கம்பெனியார் நடுத்தர அளவுக் காருக்குள் ஆறு லிட்டருக்கு மேற்பட்ட எட்டு சிலிண்டர் இஞ்சினைத் திணித்து ஜி.டி.ஓ. என்று பெயரிட்டு விட்டார்கள். 'மஸில் கார்' என்ற ஜாதி பெயர் பெற்றது அதிலிருந்துதான். தமிழில் பயில்வான் கார் என்று சொல்லிவிடலாம். அங்கே கார்க் கொட்டகைகளில் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து இத்தகைய பயில்வான்களைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுவது இன்றும் நடக்கிறது.

நம் ஊரில் பயில்வானுக்கு வழி குறைவு. ஆனால் கட்டும் ஆசைக்குத் தோதாக ஓர் ஒல்லிக் குச்சி கிடைத்தது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் அதைச் செய்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வரைந்த வண்டி. இஞ்சின் 948 சி.சி.தான். பயில்வானின் ஒரு சிலிண்டருக்கு ஈடு சொல்லலாம், அவ்வளவே. ஆயினும் அதற்கு ஒரு விசேஷம் உண்டு. அம்பாஸடருக்கும் ஃபியட்டுக்கும் உடம்பேதான் எலும்பு. தகரத்தை வெட்டினால் வண்டியே தொங்கிவிடும். ஹெரால்டுக்கு அப்படியல்ல. கீழே சேஸிஸ் தனி, மேலே உடல் தனி. போல்ட்டுகளைக் கழற்றினால் உடலைப் பகுதி பகுதியாகத் தூக்கி வைத்துவிடலாம். முன் பானெட்டோ மட்கார்டோடு சேர்த்து முதலை வாய் போல முன்னோக்கித் திறக்கும். அதன் சேஸிஸ் மீது புது உடல் பொருத்தித் தங்கள் இஷ்டத்துக்குக் கார் கட்டிக்கொண்டவர்கள் சீமையிலும் அநேகர்.

அந்தக் காலத்துச் சோழவரம் மோட்டார்ப் பந்தயங்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். யுத்த கால விமான ஓடுபாதையில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில், சாதாரண வீட்டுக் கார்களை அறுத்தும் ஒட்டியும் செய்த 'ஸ்பெஷல்'கள் உறுமிக்கொண்டு ஓடின. பந்தயக் களத்துக்குள் ஆர்.சி. புத்தகம் கேட்பாரில்லை. வெளியே வந்து செங்குன்றம் சாலையில் ஏறினால்தான் கேள்வி.

முடிக்கும் வேலை

நம் ஃபோர்மன் உண்மையில் ஒருவரல்ல. இந்த வட்டாரத்துப் பலர் கலந்த உருவம். அவர் ஒரு ஹெரால்டை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970-ல் முதல் ரிஜிஸ்தர் ஆனது. தரைத் தகரம் கரையான் தின்ற பலகை போல் இருக்கிறது. புதுப்பேட்டையில் அலைந்து கதவுப் பிடியும் விளக்கு வளையமும் பொறுக்குகிறார். சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறார். கிராங்கைக் கிரைண்டிங்குக்குக் கொடுக்கிறார். ஓராண்டு ஓடிவிடுகிறது.

எந்தக் காரிலும் முதல் எண்பது பங்கு வேலை சுகமானது. கடைசி இருபது பங்குதான் மனிதனைக் கிழவனாக்கும். டிங்கர் வேலை முடிந்து பட்டி பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்து வெயிலில் நிறுத்திப் பார்த்தால் கதவில் அலை தெரியும். மறுபடி பட்டி. வொயரிங்கைப் பழைய துணி சுற்றிய கம்பியோடு விட்டு வைக்கலாமா என்று ஒரு சபலம் தோன்றும். விட்டால் ஒரு நாள் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை வரும். பிரேக் குழாயில் காற்று எடுக்கும் வேலைக்கு இரண்டாள் வேண்டும். வீட்டு அம்மாள் பெடலை மிதித்துக்கொண்டே, "அடுப்பில் குழம்பு இருக்கிறது, இன்னும் எத்தனை தடவை?" என்று கேட்பார். ஜன்னல் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் ஐப்பசி மழை முழுவதும் உள்ளேதான். இவ்வளவும் முடிய ஆறு லட்சம் ரூபாய் கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கணக்கில் தம் உழைப்புக்கு ஒரு பைசாகூட எழுதவில்லை.

இத்தனைக்கு நடுவில் ஒரு மிகச் சிறிய காரியம் இருக்கிறது. சேஸிஸ் நம்பர்.

பென்சில் சோதனை

போக்குவரத்து அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும்போது வண்ணத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்குவதில்லை. சேஸிஸில் குத்தியிருக்கும் எண்மீது காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. குழந்தைகள் காலணாவின் மேல் காகிதம் வைத்துத் தேய்ப்பார்களே, அதே வித்தைதான். காகிதத்தில் விழும் எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒன்றாயிருந்தால் அது கார். இல்லாவிட்டால், எவ்வளவு அழகாயிருந்தாலும், யாரோ ஒருவருடைய இரும்பு.

அந்த எண் எங்கே அழிகிறது? திருடன் அழிப்பது ஒருபுறம் இருக்கட்டும். நல்லவர்களே அழித்துவிடுகிறார்கள். துருப் போக்க மணல் வீச்சுக்குக் கொடுக்கும்போது அந்த இடத்தை மூடி வைக்காவிட்டால் எண் மழுங்கிப் போகும். உளுத்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைக்கும் வெல்டர், எண் குத்திய துண்டையும் சேர்த்துப் பழைய இரும்போடு எறிந்துவிடுவார். கிரைண்டிங் சக்கரம் இரண்டு நிமிஷத்தில் ஐம்பது ஆண்டுச் சரித்திரத்தைச் சீவிவிடும். போனதை நாமே ஆணி எண் வைத்துக் குத்திக்கொள்ளலாமே என்று யோசித்தால், அதிகாரிகளின் உத்தரவில்லாமல் அப்படிச் செய்வது குற்றமாகிவிடும். ஆகவே வேலை தொடங்குமுன் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, படம் எடுத்து, பென்சில் தேய்ப்பும் ஒன்று எடுத்து, பிறகு கிரீஸ் தடவி டேப் ஒட்டிவிட வேண்டும். பழைய மெக்கானிக்குகள் இதைச் செய்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார்கள்.

பிரிட்டனில் பல்லாண்டுகளாக ஒரு வேடிக்கையான மார்க்கு முறை இருந்தது. மாற்றிக் கட்டிய வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ள வேண்டுமானால், மூல உறுப்புகளுக்கு எட்டு மார்க்காவது தேற வேண்டும். சேஸிஸுக்கு ஐந்து மார்க்கு. சஸ்பென்ஷன், அச்சு, கியர்பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எல்லோரும் இருதயம் என்று புகழும் இஞ்சினுக்கு ஒரே ஒரு மார்க்கு! தேறாத வண்டிக்கு 'கியூ' என்ற எழுத்தில் நம்பர் கொடுப்பார்கள். 'பிறப்பு நிச்சயமில்லை' என்று நெற்றியில் எழுதி ஒட்டியது மாதிரிதான். ஆனாலும் சோதனையில் தேறினால் தெருவில் ஓடலாம்.

கோர்ட்டுத் தீர்ப்பு

இந்தியாவில் அந்தக் கியூ எழுத்தும் கிடையாது. புது மாதிரி வண்டி எதுவானாலும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதிப்படி, அங்கீகரிக்கப்பட்ட சோதனைச் சாலையில் மாதிரி வண்டியைக் கொடுத்துத் தேற வேண்டும். புனேயில் இருக்கிறது அத்தகைய சாலை. சென்னைக்கருகே ஒரகடத்திலும் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஒரகடம் எட்டாத தூரமல்ல. ஆனால் அந்தச் சோதனைகள் ஆயிரக்கணக்கில் வண்டி விற்கும் கம்பெனிகளுக்காக அமைந்தவை. ஒரே ஒரு வண்டிக்காக அந்தச் செலவைத் தாங்கும் தனி மனிதர் அரிது. சுருங்கச் சொன்னால், வெறும் இரும்புக் குழாயிலிருந்து புதிதாகக் கட்டிய காரைக் கொல்லையில் ஓட்டலாம், கோயில் திருவிழாவில் காட்சிக்கு வைக்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஓட்ட வழியில்லை.

பழைய காரை எடுத்து மாற்றிக் கட்டுவது வேறா? அதற்கும் கடிவாளம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரள ஹைகோர்ட்டு இதைச் சற்றுத் தளர்த்திப் பொருள் கொண்டது. வழக்கு டில்லிக்குப் போய், 2019 ஜனவரி 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றிவிட்டது. அடிப்படை அமைப்பில் கைவைத்தால் அந்த வண்டியை ரிஜிஸ்தர் செய்ய இடமில்லை. நிறம் மாற்றுவது, மழைத் தடுப்பு, பம்பர் போன்ற சில்லறை மாற்றங்கள் வேறு விஷயம் என்று தீர்ப்பு. நிறம் மாறினால் அதைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும், மறந்துவிடுபவர்களே அதிகம். இஞ்சின் மாறினாலும் அதிகாரிக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள முடியாது. பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டம் அனுமதிக்காத திருத்தம் செய்த சொந்தக்காரருக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 'ஒவ்வொரு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கூரையை அறுத்து, இஞ்சினை மாற்றி, சக்கர அகலத்தைக் கூட்டியவருக்குக் கணக்கு மூன்றாகிவிடும்.

ஆகவே நம் ஃபோர்மன் ஹெரால்டைப் பயில்வானாக்கும் ஆசையை விட்டுவிட்டு, பிறந்த கோலத்திலேயே திரும்பக் கட்டியது புத்திசாலித்தனம். இதை உற்சாகக் குறைவு என்று சில இளைஞர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும்.

ஐம்பது வயது ஆன பின்

அப்படிக் கட்டியவருக்கு 2021 ஜூலையில் ஒரு கதவு திறந்தது. முதல் ரிஜிஸ்தர் ஆகி ஐம்பது ஆண்டுகள் கடந்த சொந்த உபயோக வண்டிகளைப் 'பழம்பெரும் வண்டி' என்று தனியாகப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் விதி வகுத்தது. சேஸிஸ், உடல், இஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்தால் இருபதாயிரம் ரூபாய், மறுபதிவுக்கு ஐயாயிரம். பத்து ஆண்டுகள் செல்லும். மாநிலம் அமைக்கும் குழு ஒன்று வண்டியை நேரில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். புதுப் பதிவானால் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டியோ தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். மெட்ராஸ் என்பதன் முதலெழுத்தான எம்.மில் தொடங்கும் அந்தக் காலத்து நம்பர் பலகையை இழக்க மனமில்லாதவர்களுக்கு இந்த ஒரு வரியே பாதி சந்தோஷம்.

ஆனால் சலுகைக்கு விலை உண்டு. இந்தப் பதிவு பெற்ற வண்டியில் தினம் ஆபீஸுக்குப் போக முடியாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்குத்தான் தெருவுக்கு வரலாம். மார்க்கெட்டுக்கும் பேரனைப் பள்ளிக்கு விடவும் அதே காரில் போக வேண்டுமென்றால் சாதாரணப் பதிவிலேயே இருந்து ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. அதன் பிறகு மிகப் பழைய வண்டிகளுக்கு இன்னும் ஏறியது. எந்த வழி நல்லது என்பது அவரவர் காரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. வெளியே எடுப்பதே மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பவருக்குப் பழம்பெரும் பதிவே லாபம்.

நாற்பதாயிரம் ரூபாயில் போன கார்

இன்ஷ்யூரன்ஸில்தான் பெரிய நஷ்டங்கள் ஒளிந்திருக்கின்றன. மூன்றாம் நபருக்கு நேரும் தீங்குக்கான இன்ஷ்யூரன்ஸ் இந்தியாவில் 1946 ஜூலை 1 முதல் கட்டாயம். அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை இரண்டாயிரம் ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அபராதம் அற்பம். தெருவில் ஒருவர் அடிபட்டு உயிர் போனால், கோர்ட்டு விதிக்கும் நஷ்ட ஈட்டுக்கு உச்ச வரம்பு கிடையாது; பாலிஸி இல்லாதவருடைய வீடு ஏலத்துக்கு வரும்.

நல்ல வேளையாக இந்தப் பகுதி செலவு குறைந்தது. 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 7,897. பழம்பெரும் வண்டியாகப் பதிவானால் பாதிதான். ஆக ஹெரால்டுக்கு 1,047 ரூபாய். அமெரிக்கப் பயில்வான் ஒருவர் எப்படியோ வந்து சேர்ந்திருந்தால் அவருக்கு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வரி வேறு.

காருக்கே நேரும் சேதம்தான் சிக்கல். பாலிஸியில் 'ஐ.டி.வி.' என்று ஒரு தொகை எழுதுவார்கள். கார் அடியோடு போனால் கம்பெனி கொடுக்கும் உச்சத் தொகை அது. புதுக் காருக்கு இதற்கு அட்டவணை உண்டு. ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, ஐந்தாம் ஆண்டில் விலையில் பாதிக்கு வந்துவிடும். ஐந்தாண்டு கடந்த வண்டிக்கும், உற்பத்தி நின்றுபோன மாதிரிக்கும் அட்டவணை இல்லை. சொந்தக்காரரும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. பேசாதவர் என்ன ஆவார்? கவுண்டரில் இருக்கும் பையன் ஹெரால்டைத் தன் ஜன்மத்தில் பார்த்திருக்க மாட்டான். "ரொம்பப் பழைய வண்டி, ஐம்பதாயிரம் போடட்டுமா சார்?" என்பான். பிரீமியம் குறைகிறதே என்று இவரும் தலையாட்டிவிடுவார்.

இப்போது ஒரு கணக்கு. பூந்தமல்லிக்கருகே ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து இடிக்கிறது. ஆளுக்குக் காயமில்லை. பின்பக்கத் தகரமும் விளக்கும் போயிற்று. சரிசெய்ய நாற்பதாயிரம் ரூபாய். ஆறு லட்சம் செலவான காருக்கு இது பெரிதல்லதான். ஆனால் பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் முக்கால் பங்கைத் தாண்டினால் அதை 'முழு நஷ்டம்' என்று கணக்கிடுவது பாலிஸியின் நிபந்தனை. ஐம்பதாயிரத்தில் முக்கால் பங்கு 37,500. நாற்பதாயிரம் அதைத் தாண்டிவிட்டது! காகிதப்படி ஹெரால்டு செத்துவிட்டது. ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுக்க வேண்டும். இல்லையேல் உடைசலின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்க வேண்டும். எதுவானாலும் அந்தப் பாலிஸியின் கதை முடிந்தது. ஐ.டி.வி. ஆறு லட்சமாக இருந்திருந்தால் இது வெறும் பின்பக்கச் சிராய்ப்பு.

ஆறு லட்சத்தைக் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்றால், வாய் வார்த்தைக்கு ஒத்துக்கொள்ளாது. வாங்கிய பில்கள், லேத்துப் பட்டறைச் சீட்டுகள், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள், மதிப்பீட்டாளர் ஒருவர் வண்டியைப் பார்த்து எழுதிய அறிக்கை இவற்றைக் காட்டினால் பேச்சுக்கு இடம் உண்டு. அம்பத்தூர்ப் பட்டறைகளில் பாதிப் பேர் துண்டுச் சீட்டில் பென்சிலால் கணக்கெழுதிக் கொடுப்பார்கள். அதையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பழைய கார்களுக்கென்றே இயங்கும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள், முன்கூட்டியே பேசிய தொகையை அப்படியே கொடுக்கும் பாலிஸிகளை விற்கின்றன. நம் பாலிஸியிலும் ஒத்துக்கொண்ட ஐ.டி.வி. அந்த ஆண்டு முழுவதும் மாறாது. ஆகையால் பேச வேண்டிய வேளை பணம் கட்டுவதற்கு முந்திய அரை மணி நேரம்தான்.

சில்லறைச் சேதத்தில் இன்னொரு கசப்பு காத்திருக்கிறது. பத்தாண்டு கடந்த வண்டியில் மாற்றும் உலோக உறுப்புக்குப் பாதிப் பணம்தான் வரும். ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாட்டரிக்கும் எந்த வயதிலும் பாதி. கண்ணாடி மட்டும் விதிவிலக்கு, அதற்குக் கழிவில்லை. ஹெரால்டின் வளைந்த முன் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடிப்பது வேறு பாடு.

பழைய தேசிய மோட்டார்த் தாரிப்பில் ஒரு வினோதம் இருந்தது. சலுகைக்குரிய 'விண்டேஜ் கார்' என்றால் 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரானதாகவும், விண்டேஜ் அண்டு கிளாஸிக் கார் கிளப் சான்று பெற்றதாகவும் இருக்க வேண்டும். சேதப் பகுதிப் பிரீமியத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து தள்ளுபடி. போக்குவரத்து விதி ஐம்பது வயதைப் பார்க்கிறது. அந்த இன்ஷ்யூரன்ஸ் ஏடோ பிறந்த வருஷத்தைப் பார்த்தது. அதனால் ஓர் அலுவலகத்தில் கிழவனாக மதிக்கப்படும் ஹெரால்டு, இன்னோர் அலுவலகத்தில் சின்னப் பையனாகிவிடும். பாலிஸியில் 'விண்டேஜ்' என்ற சொல்லைப் பார்த்தவுடன் எந்தப் பொருளில் என்று கேட்டுவிடுவது நல்லது.

கொட்டகையில் நெருப்பு

கார் கட்டி முடிந்த பிறகுதான் இன்ஷ்யூரன்ஸ் என்று நினைப்பதும் பெரும் பிழை. வெல்டிங் பொறி, தின்னர் டப்பா, திறந்த பெட்ரோல் குழாய், ஓலைக் கொட்டகை: நெருப்புக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஓடாமல் கொட்டகையில் நிற்கும் வண்டிக்குத் தீ, திருட்டு என்ற இரண்டுக்கு மட்டும் பாலிஸி எடுக்கும் முறை அந்தத் தாரிப்பிலேயே உண்டு. கம்பெனியைக் கேட்டால்தான் சொல்வார்கள். வண்டியின் பாதி கழற்றி அலமாரியில் இருக்கும்போது எது வண்டி, எது உதிரி என்று தகராறு வரும். கழற்றிய உறுப்புகளின் ஜாபிதா ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டால் தகராறு குறையும்.

ஊர்வலங்களும் கவனிக்க வேண்டியவை. சாதாரண பாலிஸி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் செல்லாது. பழைய கார்கள் மெள்ள வரிசையாகப் போகும் ஊர்வலம் பந்தயமல்லதான். ஆனாலும் நேரக் கணக்கு வைத்துப் பரிசு கொடுக்கும் ராலியானால் முன்கூட்டிக் கம்பெனிக்கு எழுதி, அதற்குரிய சேர்க்கையைப் பாலிஸியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி வரிசை. ஃபோர்மன் பெயரில் ஆர்.சி. புத்தகம் மாறியிருக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் காலமாகி வாரிசுகள் நாலு ஊரில் இருந்தால் அந்த வேலையை ஸ்பானர் எடுக்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். பழம்பெரும் பதிவுக்கான மனுவோடு இன்ஷ்யூரன்ஸ் நகலும் கேட்பார்கள். அதனால் இன்ஷ்யூரன்ஸ் முன்னே, பதிவு பின்னே. பாலிஸி காலாவதியாகிக் கிடந்த வண்டியென்றால் கம்பெனியின் ஆள் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகே சேதப் பகுதியை எழுதுவார்கள். பாலிஸி தொடங்கும் தேதியும் மணியும் அதில் அச்சாகி வரும். பூந்தமல்லி டி.என். 12, அம்பத்தூர் டி.என். 13, எந்த அலுவலகமானாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அந்த மணிக்கு முன் கொட்டகைக் கதவைத் திறக்கக் கூடாது. பேரன் எவ்வளவு நச்சரித்தாலும் சரி, தெருமுனை வரைக்கும்கூட.